வெறுங்கை பட்ட குளம்பு

அக்கா தங்கையோடு பேசுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குதிரையிடம் சொல்வாள்.

தங்கை கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தபோது, அக்கா வயதான பெண்குதிரையின் பிடரியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். “பாத்தியா மகாராணி, பத்து மணின்னு சொல்லிட்டு பத்தே முக்காலுக்கு வர்றவங்களும் இருக்காங்க. நமக்கென்ன, நாலு கால் இருக்கு, நின்னுக்கிட்டே இருப்போம்” என்றாள்.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதற்கும் குதிரை வழியாக ஒரு குத்தல் வரும். அடக்கிக்கொண்டு ஏப்ரனை இடுப்பில் கட்டினாள். ஜாடையாக என்றாலும் அது அக்காவின் குரல். அதைக் கேட்கத்தான் அவள் ஆறு வாரம் காத்திருந்தாள்.

அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அக்காதான் பார்த்துக்கொண்டாள். தங்கை தூரத்தில் ஒரு பந்தயத் திடலில் குதிரைகளுக்கு லாடம் போடுகிற வேலையில் இருந்தாள். அடுத்த வாரம் வர்றேன், அடுத்த வாரம் வர்றேன் என்று போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவள் வந்து சேர்ந்த அன்று அம்மாவின் கட்டிலைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதோடு தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். தங்கை அந்த வேலையை உதறிவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டு, சுற்றுவட்டார லாயங்களில் வேலை பார்த்தாள். அக்காவின் லாயத்துக்குக் குதிரையின் குளம்பு வளர்ந்தால்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதும் வேலைக்காரர்தான்.

மகாராணிக்குக் குளம்பின் சுவர் மெல்லியது. ஆணி அடித்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். அதனால் முன்னங்கால் இரண்டுக்கும் பசை வைத்து ஒட்டுகிற லாடம். இதற்கு முந்தின தடவை ஒட்டிய வலது லாடம் மழையில் பன்னிரண்டாம் நாளே கழன்று விழுந்துவிட்டது. போன் வந்ததும் தங்கை வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். வந்து பார்த்தால், லாடம் போகும்போது குளம்பில் ஒரு விரலகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பாடியதை நினைத்து அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று மறுபடி ஒட்டிவிட்டுப் போனவள், ஆறு வாரம் கழித்து இன்றுதான் வருகிறாள்.

இடது கால் சிக்கலில்லாமல் முடிந்தது. அடுத்து வலது கால். அக்கா குதிரையின் காலை மடக்கித் தன் தொடைமேல் தாங்கிக்கொண்டாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்; வேலைக்காரர் பிடித்தால் மகாராணி நிற்காது. தங்கை அதிகப்படி வளர்ச்சியை வெட்டி, அரத்தால் சமப்படுத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, சூடான காற்றை ஊதிக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்தாள். துடைத்தபின் குளம்பில் வெறுங்கை படக்கூடாது. தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை போதும், ஒட்டினது பிடிக்காமல் போக. அவள் போகிற இடத்திலெல்லாம் முதலில் சொல்கிற பாடம் இது.

பசைக் குழாயின் மூடி இறுகிப்போயிருந்தது. வலது கையுறையைக் கழற்றிவிட்டுத் திருகினாள். மூடி வந்தது. அப்போது, முன்பு பிய்ந்த இடத்தில் புதுசாக வளர்ந்திருந்த பகுதி கண்ணில் பட்டது. கட்டைவிரல் தானாகப் போய் அதை மேலிருந்து கீழே தடவிக்கொடுத்தது.

அக்கா குதிரையின் பக்கம் முகத்தைத் திருப்பி, வாலை ஆட்டாதே என்று அதட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை.

ஸ்பிரிட் பாட்டில் பக்கத்தில்தான் இருந்தது. இன்னொரு தரம் துடைத்தால் அரை நிமிஷ வேலை. தங்கையின் கை பாட்டிலுக்குப் போகாமல் கையுறைக்குப் போனது. அப்புறம் பசைக்குப் போனது. லாடத்தைப் பொருத்தி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். பசை இறுக ஆறு நிமிஷம். அதுவரை யாரும் அசையக்கூடாது.

பசையின் வாசனை நகப்பூச்சு வாசனை. சின்ன வயதில் அக்கா இவளுக்கு நகப்பூச்சு போட்டுவிட்டு, ஆடினா அறைஞ்சிடுவேன் என்று பத்து விரலையும் காயும்வரை பிடித்துக்கொண்டிருப்பாள். பூச்சு காய்ந்தபிறகும் இவள் காயலை என்பாள். இப்போது அக்காவின் தலை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. மூச்சு விடுவது கேட்டது.

லாடம் விழுந்தால் கூப்பிடுவார்கள். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று.

கையுறை வழியாகப் பசையின் சூடு ஏறத் தொடங்கியது. சூடு ஏறினால் இறுகுகிறது என்று பொருள். இன்னும் ஒரு நிமிஷம் போனால், குளம்பைப் பிய்க்காமல் எடுக்க முடியாது.

“அக்கா, இதை இப்பவே எடுத்துடணும். கை பட்டுடுச்சு.”

“வெறுங்கையா?” அக்கா கேட்டாள். குதிரையை அல்ல.

“ம்.”

உடனே அக்கா குதிரையின் காலை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். தங்கை லாடத்தை நெம்பி எடுத்து, குழைந்திருந்த பசையைத் துணியால் வழித்தாள். குளம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் அக்கா நிமிர்ந்தாள்.

“பட்டது உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒட்டின? ஏண்டி?”

தங்கை துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “விழுந்தா திரும்ப வரலாம்னு.”

மகாராணி எடையை மாற்றிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது. வேறு நாளாக இருந்தால் அக்கா அதோடு பேசியிருப்பாள்.

“வரணும்னா வரத் தெரியாதா உனக்கு? அம்மா கூப்பிட்டப்பவும் வரத் தெரியல. இப்பவும் தெரியல. வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும். அதுக்கு இந்த வாயில்லா ஜீவன் கால்தானா கிடைச்சுது?”

இரண்டு வருஷமாக இந்தத் திட்டுக்காக ஏங்கியிருக்கிறோம் என்று தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் நினைத்தமாதிரி இனிக்கவில்லை. உண்மை வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். அரம், தூரிகை, காற்று, ஸ்பிரிட். இந்தத் தடவை பாட்டிலை எடுத்துக் கொடுத்தது அக்கா. ஆறு நிமிஷமும் இருவரும் அசையாமல் பிடித்திருந்தார்கள். தங்கை ஆணி முனையால் பசையைக் கீறிப் பார்த்தாள், கீறல் விழவில்லை. இனி ஆறு வாரத்துக்குக் கல்மேல் நடந்தாலும் அசையாது.

அக்கா குதிரையைச் சிமெண்ட் தரையில் இப்படியும் அப்படியும் நடத்திக் காட்டினாள். நடை சீராக இருந்தது. தங்கை பெட்டியை மூடினாள்.

“அக்கா, நாளைக்கு வரட்டுமா? சும்மாதான்.”

அக்கா கடிவாளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். வர்றேன் என்கிற சொல்லை இவள் வாயால் எத்தனை தடவை கேட்டவள் அவள். அது இப்போது அவள் காதில் எப்படி விழும் என்பது தங்கைக்குத் தெரியாமல் இல்லை.

“மத்தியானம் வர்றேன்க்கா” என்றாள் தங்கை. இப்போது அது கேள்வி இல்லை.

அக்கா குதிரையை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அதனிடமும் எதுவும் சொல்லவில்லை.