கிழவிக்குப் பின்னிய செருப்பு

தைத்து முடித்த கோட்டுகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டே ஒத்திகை நடந்தது. ஜார்ஜியாவின் குத்தாயிசி நகரத்துத் தையல் ஆலைக்கு இதுதான் கடைசி ஆர்டர். இது லாரி ஏறியதும் கதவைச் சாத்தப்போகிறார்கள். இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று, லமாரா இத்தாலிய அதிகாரியாக முறைத்தாள்.

"எதுக்கு வந்தே?"

"சுத்திப் பாக்க," என்றாள் சியாலா.

"எங்க தங்குவே?"

"ஹோட்டல்ல, அஞ்சு நாள். திரும்பிப் போற டிக்கெட்டு இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, செலவுக்குக் கையில காசு இருக்கு."

"ஏன்டி, எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி சொல்றே? சிரிச்சுச் சொல்லு. ஊர் சுத்த வந்தவ சிரிப்பா." லமாரா ஒரு கோட்டைத் தட்டிப் பெட்டிக்குள் போட்டாள். "இந்தக் கோட்டு குடுத்து வச்சவ. இவளும் இத்தாலிக்குத்தான் போறா. எவனாவது ஹோட்டல் கேப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். சியாலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விசா இல்லாமலே தொண்ணூறு நாள் ஐரோப்பாவைச் சுற்றலாம், வேலைதான் செய்யக்கூடாது. ஆனால் அவர்கள் தெருவிலிருந்து வேலைக்கல்லாமல் யார் போனார்கள்? இத்தாலியில் இருக்கும் சித்தி மகள் நர்கிசா, ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவளுக்காகப் பிடித்து வைத்திருந்தாள். இடுப்பு ஒடிந்து கிடக்கும் சியாலாவின் கணவன் அதைத்தான் மலைபோல நம்பியிருந்தான். லமாராவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒட்டிக்கொண்டவள்.

ஆனாலும் ராசியான கோட்டு அவளுக்குத்தான் இரவல் கிடைத்தது. அவர்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி இனெசாவின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போன யாரையும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. ஆள் அங்கே தங்கிவிட, கோட்டு மட்டும் மினிபஸ்ஸில் ஊர் திரும்பும். "உனக்குத் தோள்ல பிடிக்கும் சியாலா," என்று சொல்லி இனெசா அதை லமாராவிடம் நீட்டிவிட்டாள். சியாலாவுக்கு ஒரு ஜோடி ஷூ கிடைத்தது. அதுவும் ஓர் அளவு சின்னது. ஜன்னலோரத் தையல் மெஷின் லமாராவுக்கு, குடிக்காத புருஷன் லமாராவுக்கு, இப்போது கோட்டும் லமாராவுக்கு. விமானத்தில் பக்கத்து இருக்கையைப் பார்க்கப் பார்க்கச் சியாலாவுக்கு வயிறு எரிந்தது.

இத்தாலி விமான நிலையத்தில், பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டின் முன் லமாரா சிரித்தாள், ஏதோ ஒரு தேவாலயத்தின் பெயரைச் சொன்னாள், முத்திரை விழுந்தது, போய்விட்டாள்.

சியாலாவைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஹோட்டல், டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பெட்டியைத் திறந்த அதிகாரி, ஒரு ஜோடி கம்பளிச் செருப்பை எடுத்துப் பார்த்தார். சின்னப் பாதத்துக்குப் பின்னியவை. மொழிபெயர்க்க வந்திருந்த ஜார்ஜியப் பெண் கேட்டாள்: "இது யாருக்குன்னு கேக்கறார்."

சிரிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. சியாலா சிரித்தாள். "நான் போற வீட்டுப் பெரியம்மாவுக்கு. முதல் தடவை ஒரு வீட்டு வாசப்படி மிதிக்கறோம், வெறுங்கையோடயா போவாங்க?"

அந்தப் பெண் மொழிபெயர்க்காமல் ஒரு கணம் இவளையே பார்த்தாள். "அக்கா… ஹோட்டல்னு சொன்னீங்களே," என்றாள் மெதுவாக. பிறகு அதிகாரியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

வெறுங்கையோடு வந்த லமாரா வெளியே நிற்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில், சிவப்புக் கோட்டு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று சொன்னதும் போனில் நர்கிசா அழுதாள். "அந்த வீட்டுல நாளைக்கே ஆள் கேக்கறாங்க, நான் என்னடி பண்ணுவேன்? லமாரா உள்ள வந்துட்டாளாமே. அவளையே சேத்து விட்டுடட்டுமா?"

சியாலா போனை அணைத்தாள்.

"தனியா வந்தீங்களா, கூட யாராவது வந்தாங்களான்னு கேக்கறார்," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டினால் போதும். அந்தக் கோட்டும் இந்த அறைக்கு வந்துவிடும், இந்த நாற்காலியில் பக்கத்தில் உட்காரும். சியாலாவின் கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது.

"தனியாத்தான்," என்றாள். சொன்ன பிறகு, அப்படிச் சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

மறுநாள் காலை குத்தாயிசி விமான நிலைய வரிசையில், அவளுக்கு முன்னால் அதே விமானத்தில் வந்த ஓர் இத்தாலியப் பையன் நின்றான். அரைக்கால் சட்டை, முதுகில் ஒரு பை. பாஸ்போர்ட் கூண்டிலிருந்த பெண் எதையும் கேட்காமல் முத்திரை குத்தினாள். எவ்வளவு நாள் தங்கலாம் என்று அவன்தான் கேட்டான். அவள் சிரித்து ஒரு விரலைக் காட்டினாள். ஒரு மாதமா என்றான் அவன்.

"ஒரு வருஷம்," என்றாள் அவள். "நல்லா சுத்திப் பாருங்க."

சியாலாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் அவளுடைய முகம் மாறியது. "நேத்துதானே போனீங்க? ஏன் அதுக்குள்ள திரும்பிட்டீங்க?"

"சுத்திப் பாத்துட்டேன்," என்றாள் சியாலா, லமாரா சொல்லிக்கொடுத்தபடி சிரித்துக்கொண்டே. கடித்த ஷூவைக் கையில் பிடித்திருந்தாள். காலில் கிழவியின் கம்பளிச் செருப்பு. அது பாதிப் பாதத்துக்குத்தான் போதுமாயிருந்தது, குதிகால் இரண்டும் குளிர்ந்த தரையில் இருந்தன.