தம்பி ஹெட் கோச்

முழங்கால் வலி என்று பூங்காவுக்குக்கூட நடக்க மறுக்கும் வெங்கடகிருஷ்ணன், பள்ளி மைதானத்தின் இரும்புப் படிகளில் மூத்த மகனுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார். தலையில் அணியின் தொப்பி. பின்னால் வந்த நவநீத்துக்கு அந்தத் தொப்பியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. தம்பி சபரி ஹெட் கோச்சான பிறகு அவன் அணி ஆடும் முதல் ஆட்டம். ரவுண்ட் ராக் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

இன்ஜினியரிங் வேண்டாம், அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப் போகிறேன் என்று சபரி சொன்ன அன்று இதே அப்பாதான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். முட்டி மோதி ஆடும் உடம்பு சபரிக்கு இல்லை. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் கிக்கராக அணியில் ஒட்டிக்கொண்டான். கல்லூரியில் பெயர் வாங்கி, பெரிய அணி ஒன்றில் இரண்டு சீசன் ஆடினான். தொடைத் தசை கிழிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஊர் ஊராக உதவி கோச் வேலை. அந்த வருஷங்களில் அம்மாவைக் கீமோவுக்குக் கூட்டிப்போனதும், அவள் போன பிறகு அப்பாவுக்காகத் தன் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை கட்டியதும் நவநீத்தான். அதற்கெல்லாம் யாரும் கைதட்டவில்லை.

இடைவேளையில் அப்பா, கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"சீசன் முடியற வரைக்கும் சபரி வீட்ல இருக்கலாம்னு பாக்கறேன். கிரவுண்ட் பக்கம்."

"அவன் கூப்ட்டானா?"

"இல்ல. நான்தான் கேட்டேன்."

சபரி கூப்பிட்டிருந்தால்கூட நவநீத் தாங்கியிருப்பான். தன்னிடம் அப்பா எதையாவது கேட்டிருக்கிறாரா என்று யோசித்தான். அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தான்.

"நம்ம வீட்ல என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லடா. உன்னப் பத்தி நான் ஒரு நாளும் கவலப்பட்டதே இல்ல."

பாராட்டாகத்தான் சொன்னார். நவநீத்துக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க, சபரி தோற்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கடைசி நொடிகளில் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு நல்ல உதை போதும், ஜெயித்துவிடலாம். சபரி தன் கிக்கரை அனுப்பினான். பந்து உயரே போய், வலது கம்பத்தில் மோதி வெளியே விழுந்தது. சுற்றி எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நவநீத் மட்டும் எழுந்து நின்றிருந்தான். அப்பா நிமிர்ந்து பார்த்தபோதுதான் தன் முகத்தில் சிரிப்பு இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அப்பா எழுந்தார். முகம் தெரியாதவர்களின் தோள்களைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கிப் போனார். கீழே சபரி, தவறவிட்ட பையனின் ஹெல்மெட்டில் நெற்றியை முட்டி ஏதோ பேசிவிட்டு வேலியருகே வந்தான். அப்பா வேலிக்கு மேலே கையை நீட்டி அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சபரி ஏதோ கேட்டான். அப்பா பின்பக்கம் கையைக் காட்டினார்.

விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணை மறைத்தபடி சபரி வரிசை வரிசையாக மேலே தேடினான். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போக, காலி பெஞ்சுகளுக்கு நடுவே நவநீத் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.