இருமலில் மறைந்த வரி

கல்வராயன் மலைமுகட்டிலிருந்து இறங்கிய முகில்நிழல் கோமுகி அணையின் நீர்மேல் படர்ந்து, கச்சிராயபாளையத்துக் கரும்புக் கழனிகளைத் தடவிக் கடந்து, கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை எட்டியபோது, நாள்தோறும் பேருந்துகள் இரைந்தோடும் அச்சாலை வெட்டி வீழ்த்தப்பட்ட புளியமரங்களைச் சுமந்து ஓசையற்றுக் கிடந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மக்கள் கிளர்ந்தெழுந்து வழிகளை மறித்த ஆண்டு அது. நண்பகல் சாய்ந்து கொண்டிருந்தது.

அம்மலையடியூரில் ஓடு வேய்ந்த சிறு கிறித்தவக் கோயில் ஒன்று உண்டு, அன்பரே. குருவானவர் ஆண்டுக்கு ஓரிரு முறையே வருவார். ஏனைய ஞாயிறுகளில் வழிபாடு நடத்துபவர் சபைமூப்பர் செல்லமுத்து. வெண்கலக் குரலர், ஒரு நாளும் வழிபாடு தவறாதவர், அதனாலேயே நம்பிக்கையில் இனித் தாம் வளர்வதற்கு இடமில்லை என்று அமைதியாக அமர்ந்துவிட்டவர். ஆயினும், ஆண்டவர் கற்பித்த வேண்டுதலில் பிறர் பிழை பொறுப்பதைப் பற்றிய வரி வரும்போது மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்! அண்டைக் கழனிக்காரன் பூமாலை வாய்க்காலை வெட்டி நீரைத் தன் கரும்புக்குத் திருப்ப, இவர் நாற்று கருகிப்போன ஆண்டில் தொடங்கிய இருமல் அது. பூமாலை தானே வந்து தவற்றை ஒப்புக்கொண்டும் இவர் முகங்கொடுக்கவில்லை. அவன் தாய் இறந்தபோது சாவுக்கும் போகவில்லை. வேடிக்கையைக் கேளுங்கள்: மூப்பர் இருமுவதைக் கண்ட சபையார் அதுவே முறைபோலும் என்றெண்ணித் தாமும் அவ்விடத்தில் இருமலாயினர். நாளடைவில் அவ்வரியை அக்கோயிலில் எவரும் சொல்லவில்லை, காணோமே என்று தேடவும் இல்லை.

தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த மூப்பரின் மகள் எஸ்தருக்கு அன்று விடியலில் எழுந்த வலி, உச்சிப்பொழுதாகியும் தணியாமல் அவளை முறுக்கியது. மருத்துவச்சி சாலம்மாள் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "புள்ள குறுக்கால கெடக்குதுங்க. என் கையால ஆவாது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க."

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி மகளைக் கிடத்தி, அவள் கையைப் பற்றிக்கொண்டு, பழகிய வேண்டுதலைச் செல்லமுத்து சொல்லத் தொடங்கினார். அந்த வரி வந்தது, இருமினார். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார், மீண்டும் இருமினார். மகளின் பிடி தளர்ந்துகொண்டே வர, தம் வேண்டுதல் மேலே செல்லாமல் தொண்டையிலேயே செத்துப்போகிறதோ என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது.

சாலை வளைவில் புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் அருகே, கையில் கோடரியுடன், ஆட்கள் சூழ நின்றவன் பூமாலை. தாயின் சாவுக்கு வராதவனுக்கு எவன் வழிவிடுவான் என்று நினைத்தார் செல்லமுத்து.

எஸ்தர் அலறினாள். பூமாலை கோடரியைக் கீழே போட்டான். "மாட்ட அவுத்துட்டு வண்டியத் தூக்கி அந்தாண்ட வையுங்கடா."

"உங்கம்மா சாவுக்கு வராத மனுசனுக்காண்ணே?" என்றான் ஒருவன்.

"பொண்ணு கத்தறது காதுல வுழல?"

அத்தனை பேரும் தோள்கொடுத்து, மகள் குலுங்காமல் வண்டியை மரத்துக்கு அப்பால் இறக்கி வைத்து, மாட்டைச் சாலையோரமாக நடத்திவந்து பூட்டினர். நன்றி சொல்ல வாய்திறந்தார் மூப்பர், இருமல்தான் வந்தது. வழியில் கிடந்த மற்ற மரங்களையும் கடத்திவிட அவர்கள் உடன்வர, வண்டி நகர்ந்தது.

தாயும் சேயும் பிழைத்தனர். மறியல் ஓய்ந்த ஞாயிறன்று, அச்சம் தெளிந்த நெஞ்சோடு செல்லமுத்து வழிபாட்டை முன்னின்று நடத்தினார். இடர் நீங்கியதும் மனம் பழைய மெத்தையில் சாய்ந்துகொள்வது நம் எல்லார்க்கும் இயல்புதானே! அந்த வரி வந்தது. அவர் இருமினார், சபையும் இருமிற்று. அன்றுதான் முதன்முறையாக அவ்வோசை அவர் செவியில் விழுந்தது. தம் நோயை ஊருக்கே ஒட்டவைத்துவிட்டதை உணர்ந்து வேண்டுதலை நிறுத்தினார்.

"எல்லாரும் இப்பிடியே முழங்கால்லயே இருங்க," என்றார். "ஜெபம் பாதியில நிக்குது. நான் போயிட்டு வந்து முடிக்கிறேன்."

பூமாலையின் வீட்டை நோக்கிக் கழனி வரப்பில் நடந்தபோது, விரட்டிவிடுவானோ, பேசாமலே கதவை அடைப்பானோ என்று கலங்கினார். திண்ணையில் அமர்ந்திருந்த பூமாலை இவரைக் கண்டதும் பதறி எழுந்தான். "பொண்ணுக்கு இன்னா ஆச்சுங்க?"

"ரெண்டு உசுரும் நல்லாகீதுப்பா." கைகூப்பினார். "நீ தப்ப ஒத்துக்கினு வந்தே, நான் மொகம் குடுக்கல. உங்கம்மா சாவுக்கும் வரல. என்ன மன்னிச்சிடு."

"எங்கம்மா சாவறதுக்கு மொத நாளும் உங்களத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க," என்றான் பூமாலை. "அவரு மனசு எறங்கி வந்துட்டாரான்னு."

செல்லமுத்து அங்கேயே அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பூமாலை சொம்பில் நீர் கொண்டுவந்து அவரருகே வைத்தான்.

அவர் திரும்பியபோது சபை முழங்காலிலேயே இருந்தது. விட்ட வரியை எடுத்தார், இருமல் வரவில்லை. பழக்கத்தால் சிலர் இருமினர். பலருக்கோ அவ்வரி மறந்தே போயிருந்தது. அதனால் அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர்கள் பின்சொல்லிப் புதிதாய்க் கற்றனர். பொறுத்தல் என்பதை நாளைக்கு ஒத்திவைப்போர்க்கு நாளை கிடைக்கலாம். எதிரே நிற்க வேண்டியவர் கிடைப்பாரா? சபையோடு தாமும் ஒரு மாணாக்கராய் அவ்வரியைச் சொல்லி முடித்த செல்லமுத்து, அதைக் கேட்கக் காத்திருந்த பூமாலையின் தாய் மட்டும் இனிக் கேட்கமாட்டாள் என்பதை அறிந்திருந்தார்.