சட்டைக் கைக்குள் மஞ்சள் பட்டை

லைன்மேன் என்று சொன்னால்தான் அந்த மனுஷனை யாருக்கும் தெரியும். கட்டிய மனைவியே அக்கம்பக்கத்தில் பேசும்போது "எங்க லைன்மேன்" என்றுதான் சொல்வாள். காலமெல்லாம் கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கியவர், ஒரு தரம்கூட விழுந்ததில்லை. இடுப்பில் பெல்ட் மாட்டாமல் எவனாவது கம்பத்தில் கால் வைத்தானோ, தொலைந்தான். "சாகணும்னா உன் வீட்ல போய்ச் சாவுடா, என் லைன்ல சாகாத!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துக் கிடந்து, எழுந்து உட்கார ஆரம்பித்த அன்றைக்கே வார்டு நர்ஸ் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டாள்.

"அம்மா, இது கையில இருந்தா இவர் தனியா எழுந்திருக்கக் கூடாதுன்னு அர்த்தம். யார் டியூட்டிக்கு வந்தாலும் முதல்ல இதைத்தான் பார்ப்போம். பாத்ரூம் போகணும்னாலும் பெல் அடிங்க, நாங்க வந்து பிடிச்சுக்கறோம்."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஆட்டுக்கு அடையாளம் கட்டுற மாதிரி கட்டிட்டுப் போறா பாரு."

"ஏங்க, நீங்க பசங்களுக்கு மாட்டிவிட்ட பெல்ட் மாதிரி நெனச்சுக்கோங்களேன்" என்றாள் மனைவி.

"அடியே, கம்பமும் கக்கூசும் ஒண்ணாடி?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு அது! டாக்டர் வேறு, இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். முன் அறையில் கட்டிலைப் போட்டு, பாத்ரூம் வாசலில் வழுக்காத மிதியடியும் விரித்து வைத்திருந்தாள். அவர் நடந்து வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய வேண்டுதல்.

மறுநாள் சாயங்காலம் அவரோடு வேலை பார்த்தவர்கள் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அவர் குழந்தை மாதிரி அடம்பிடித்தார்.

"அந்த முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுவிடு. இந்தக் கண்றாவியை அவனுங்க பாத்தா என் மானமே போயிடும்."

"நர்ஸம்மா திட்டுவாங்க."

"அரை மணி நேரம்டி. கெஞ்ச வைக்காத."

ஊரையே அதட்டிய மனுஷன் கெஞ்சினால் எந்தப் பெண்டாட்டிக்கு மனசு கேட்கும்? சட்டையைப் போட்டுவிட்டு இடது கைப் பொத்தானையும் மாட்டினாள். பட்டை உள்ளே போய்விட்டது.

நண்பர்கள் வந்தார்கள். பழைய கதையெல்லாம் பேசி வார்டே கலகலத்தது. அவர் முகத்தில் பழைய களை வந்ததைப் பார்த்து, அவள் பூரித்துப்போய் டீ வாங்கக் கீழே போனாள். போன இடத்தில் கூட்டம்.

அதற்குள் நண்பர்கள் புறப்பட்டுவிட்டார்கள். இவர் சும்மா இருப்பாரா? "இருங்கடா, லிஃப்ட் வரைக்கும் வர்றேன்." அன்றைக்கென்று பார்த்து வேறு வார்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த சின்ன நர்ஸ் அந்தப் பக்கமாகப் போனாள். அவள் அவர் கையைப் பார்த்தாள். சட்டைதான் தெரிந்தது. "மெதுவா போங்க ஐயா" என்று கட்டில் கம்பியை இறக்கிவிட்டுப் போனாள். நண்பர்கள் பேச்சு மும்முரத்தில் லிஃப்ட் பக்கம் முன்னே போய்விட, அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் கிளம்பினார்.

டீயோடு மனைவி திரும்பியபோது அவர் கதவருகே தரையில் கிடந்தார். வலது கால் கோணிக்கொண்டு கிடந்தது. கையிலிருந்த டீ எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. தலைமை நர்ஸ் ஓடிவந்து சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள். சின்ன நர்ஸ் சுவரோரமாக நின்று அழுதாள்.

"பொத்தானை யார் போட்டது?"

"நான்தான்மா, நானேதான் போட்டேன்" என்றார் அவர் வலியோடு. "அந்தப் பொண்ணையும் திட்டாதீங்க, இவளையும் திட்டாதீங்க."

தலைமை நர்ஸ் அந்த வலது கையைப் பார்த்தாள். ஸ்பூன் பிடிக்காத கை. பிறகு மனைவியைப் பார்த்தாள்.

"நான் போட்டுவிட்டேன் சிஸ்டர்" என்றாள் அவள். "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. பாவி நான்தான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு வாங்க வாங்க அவர் கடைசியாக அவளிடம் சொன்னதும் அதேதான்: "நான்தான்டி போட்டேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு."

அவர் போன அன்றைக்கு, பட்டையை வெட்டிவிடக் கத்தரிக்கோலோடு அந்தச் சின்ன நர்ஸே வந்தாள்.

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றாள் மனைவி.

அதே முழுக்கைச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டுவிட்டாள். கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிப்போக வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் உள்ளே வருமுன், இடது கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டாள்.