மேற்படி நோய்

சுகாதாரப் புள்ளிவிவரப் பிரிவில் என் வேலை, ஒவ்வொரு சுகாதார நிலையமும் தனக்குத் தோன்றிய விதத்தில் அனுப்பும் விவரங்களை ஒரே அட்டவணையாக ஒழுங்குபடுத்துவது. ஒருவர் வயதை முதலில் போடுவார், இன்னொருவர் நோயை. எல்லாவற்றையும் ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தால்தான் எங்கே எது பரவுகிறது என்று தெரியும்.

அன்று தெரிய வேண்டியது ஒன்றுதான்: இருக்கிற ஒரே குடிநீர்ப் பரிசோதனை வண்டியை எந்தப் பகுதிக்கு அனுப்புவது. வயிற்றுப்போக்கு எங்கே அதிகமோ அங்கே. என் அட்டவணைப்படி அது பேருந்துப் பணிமனைப் பகுதி. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் நான்கே பேர். அங்கே செவிலியராக இருப்பவள் என் அக்கா.

"நாலா?" என்று போனில் கத்தினாள். "உனக்குக் கண்ணு தெரியுதாடி? இடமில்லாம வராண்டாவுல படுக்க வெச்சிருக்கேன். இப்பதான் ரெண்டு குழந்தைங்களுக்கு டிரிப்ஸ் ஏத்தினேன். வண்டி வரலைன்னா இதே தண்ணியத்தான் எல்லாரும் குடிச்சாகணும்."

"நீ அனுப்புனதைத்தானே எண்ணினேன்."

"எண்ணின லட்சணம்!"

அவள் வைத்ததும் எங்கள் மேலதிகாரி வந்து நின்றார். எதையும் சுருக்கமாகச் சொல்லச் சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுருக்கம்'. கையில் என் அட்டவணை.

"ஏம்மா, இந்த 'மேற்படி' என்ன வியாதி? புதுசா? ரயில்பாதைப் பக்கம் அதுதான் முதலிடம்."

அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். அக்காவுக்கு எதையும் இரண்டு முறை எழுதப் பிடிக்காது. முதல் ஆளுக்கு நோயை எழுதிவிட்டு, அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் 'மேற்படி' போட்டிருக்கிறாள். தட்டச்சு செய்தவர் அதையே அடித்திருக்கிறார். ஒரே ஆள் இரு முறை பதிவாகியிருக்கிறாரா என்று பார்க்க நான் பெயர்களை அகரவரிசையாக்க, மேற்படிக்கு மேலே இருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. எழுபது வயதுக்காரர் ஒருவர் 'கர்ப்பப் பரிசோதனை'க்குக் கீழே மேற்படியாக நின்றார்.

நல்லவேளை, நோயாளிகளுக்கு வந்த வரிசைப்படி கொடுக்கும் சீட்டு எண் பத்தியை நீக்கவில்லை. அதன்படி மறுபடி வரிசைப்படுத்தினேன். மேற்படிகள் தத்தம் நோயின் கீழே போய்ச் சேர்ந்தன. ஓரிடத்தில் மட்டும் 'பல்வலி'க்குக் கீழே ஒரு கூட்டமே மேற்படி. அக்காவை அழைத்தேன்.

"பல்வலிக்காரர் நடுவுல வந்தாருடி. அவருக்கு அப்புறம் வந்தவங்க பழைய மேற்படி."

"பழைய மேற்படியா? அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க ஓடின ஓட்டத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

நான் சீட்டு எண்களைச் சொல்லச் சொல்ல அவள் நோயைச் சொன்னாள். கூட்டிப் பார்த்தால் பணிமனைப் பகுதியைப் போல இரண்டு மடங்கு.

"சார், மேற்படின்னா பெரும்பாலும் வயிற்றுப்போக்கு" என்று திருத்திய அட்டவணையை நீட்டினேன்.

"இதுதான் சுருக்கம்" என்று வண்டிக்குக் கையெழுத்துப் போட்டார்.

அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்ததாம். மூடிவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள், வராண்டா காலியானது.

அடுத்த முறை அக்கா அனுப்பியதில் நோயின் பெயர் ஒவ்வொரு வரியிலும் முழுதாக இருந்தது. நிம்மதியாகத் தேதிப் பத்திக்குப் போனேன். முதல் வரியில் தேதி. அதற்குக் கீழே எல்லாம் மேற்படி.