ஒன்பதாம் நம்பர் தாய்மாமன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சுருளிவேல் ஒரு ஏழரை எச்.பி. மோட்டாரைத் திறந்துபோட்டுக் கருகிப்போன காயிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, மேசை மேலிருந்த அவன் செல்போன் நிற்காமல் அதிர ஆரம்பித்தது. சித்தையன்கோட்டைக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'ஸ்டார் வெறியர்கள்' என்று பெயர், நூற்று எண்பது பேர். அதில் ஒரே மூச்சில் இத்தனை செய்தி வருகிறதென்றால் ஒன்று கோப்பையை ஜெயித்திருக்க வேண்டும், இல்லை யாராவது டீமை விட்டுப் போயிருக்க வேண்டும். கோப்பைப் போட்டி தொடங்கவே இன்னும் இருபது நாள் கிடந்தது.

கிரீஸ் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் போனை எடுத்துப் பார்த்தான். படத்தில் விக்னேஷ்குமார் நின்றிருந்தான். ஆறடி நாலங்குலம். கழுத்தில் கனத்த மல்லிகை மாலை, கையில் பச்சை பனியன். நிலக்கோட்டை டீமின் பச்சை. அதிலும் அதே ஒன்பதாம் நம்பர். முகத்தில் சிரிப்பு வேறு.

அந்த வட்டாரத்துக் கோப்பைக்கு ஒரு விதி இருக்கிறது. ஆட்டக்காரன் ஒரு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டால் அது ஒரு வருஷத்துக்குத்தான். சித்திரையில் பத்து நாள் எல்லாரையும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள், எவன் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். கோர்ட்டில் நடக்கிற ஆட்டமெல்லாம் சும்மா. ரசிகன் உயிரை வாங்குவது இந்தப் பத்து நாள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துராஜ் என்கிற நெட்டையன், சனிக்கிழமை மைக்கைப் பிடித்து "சாகுறவரைக்கும் சித்தையன்கோட்டைதேன்" என்று கண்ணீர் விட்டுவிட்டு, திங்கட்கிழமை சின்னாளப்பட்டிக்குக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு வெறுத்துப்போன சுருளிவேல் போட்ட திட்டம்தான் இப்போது அவன் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது.

வெறும் பந்தாட்டம் என்றால் இரண்டு நாள் திட்டிவிட்டு அடங்கிவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் மகன் பாண்டிக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமன் சாட்சாத் இந்த விக்னேஷ்குமார். பத்திரிகை அடித்து, மூலையில் மஞ்சள் தடவி, முந்நூறு வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. அதில் 'தாய்மாமன்' என்று போட்டு, அதன் கீழே 'வி. விக்னேஷ்குமார், ஜெர்சி எண் 9, ஸ்டார் கூடைப்பந்துக் கழகம், சித்தையன்கோட்டை' என்று அச்சடித்திருந்தது. அச்சகத்துக்காரர் சொல்லத்தான் செய்தார், "இதெல்லாம் காதுகுத்துப் பத்திரிகையில போடுறதில்லையேப்பா" என்று. "டாக்டருக்குப் படிச்சிருந்தா பேருக்குப் பின்னால போடுவீகல்ல அண்ணே, அது மாதிரிதேன்" என்று சுருளிவேல் அவர் வாயை அடைத்திருந்தான்.

விக்னேஷ்குமார் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரன். மூன்று வருஷமாகச் சுருளிவேலின் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் குடியிருந்தான். சாப்பாடு பெரும்பாலும் சுருளிவேல் வீட்டில். சுருளிவேலின் மனைவி தீபாவை அக்கா என்று கூப்பிடுவான். தீபாவுக்குக் கூடப்பிறந்தது இரண்டு அக்காக்கள் மட்டும், அண்ணன் தம்பி கிடையாது. அடுத்த வீட்டு விசேஷங்களில் பிறந்த வீட்டுச் சீர் தட்டு வரிசையாக வரும்போது அவள் எதையோ எடுக்கப்போகிற மாதிரி உள்ளே போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு சாப்பிட்ட கையோடு சுருளிவேல் சொன்னான்: "ஏம்புள்ள, தம்பி இல்லைன்னு ஏங்குறியே, இவனையே கூடப்பொறந்தவனா நெனச்சுக்க. பாண்டிக்குக் காது குத்துறப்ப இவன் மடியிலயே உக்கார வச்சிருவோம்." தீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் தனக்காக யோசித்திருக்கிறான் என்று நினைத்தாள்.

அவன் தனக்காகவும் கிளப்புக்காகவும்தான் யோசித்திருந்தான். அக்கா பிள்ளையை மடியில் வாங்கியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பந்து போடப் போவான்? கையெழுத்து ஒரு வருஷத்தில் காலாவதியாகும், சொந்தம் ஆகாது. இந்த யோசனை வந்த நாளில் தன்னைப் போல் மூளை உள்ளவன் மாவட்டத்திலேயே இல்லை என்று சுருளிவேல் நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்த மூளைக்காரன் போனில் மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். "ஏலே விக்னேசு, நீயெல்லாம் மனுசனா? எங்க வீட்டுல தின்ன சோறு ஒடம்புல ஒட்டியிருக்கா இல்லையா? ஞாயித்துக்கிழம நீ ஒண்ணும் வரவேணாம். எம் மகன் காதுகுத்துக்கு நிலக்கோட்டைக்காரன் மடி தேவையில்ல." அனுப்பினான். இரண்டு டிக்கும் நீலமானது. பதில் வரவில்லை. கைக்கு அகப்பட்ட சுத்தியலை எடுத்து, ஒரு பாவமும் அறியாத மோட்டார் மூடியை இரண்டு தட்டுத் தட்டினான்.

சாயங்காலம் குழுவின் அட்மின் அய்யனார் எல்லாரையும் கோர்ட்டுக்கு வரச்சொன்னான். அமெரிக்காவில் ஆட்டக்காரன் டீம் மாறினால் ரசிகர்கள் பனியனை எரிக்கிற வீடியோக்களை இவர்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வேலையற்ற பயல்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அய்யனார் பைக்கிலிருந்து அரை பாட்டில் பெட்ரோலை உறிஞ்சி எடுத்து வந்தான். ஆனால் எரிப்பதற்குப் பனியன் வேண்டுமே. ஒன்பதாம் நம்பர் பனியன் வாங்கியிருந்தது அத்தனை பேரில் சுருளிவேல் ஒருவன்தான்.

"ஒங்களுதக் கழட்டுங்கண்ணே" என்றான் அய்யனார்.

"இது கழகத்துப் பனியன்லே. நாமளே நம்ம ஊர் பேர எரிக்கிறதா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. கடைசியில் பெட்ரோலைத் திரும்ப பைக்கிலேயே ஊற்றினார்கள். கலையும்போது அய்யனார் முறைத்துக்கொண்டு சொன்னான்: "அந்தத் துரோகி மணையில உக்காந்தா நாங்க ஒருத்தரும் விசேசத்துக்கு வரமாட்டோம், சொல்லிட்டேன்."

சுருளிவேல் வீட்டுக்குப் போனபோது தீபா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குப் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உந் தம்பி நிலக்கோட்டைக்கு ஓடிட்டான், தெரியும்ல?"

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவந்தேன். போன வாரமே கேட்டான். நாந்தேன் போகச் சொன்னேன்."

நூற்று எண்பது பேர் ஊர் முழுக்கத் துரோகியைத் தேடிக்கொண்டிருக்க, அவள் அவன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில ஒங்க கிளப்புத் தலைவரோட மில்லுல மூட்ட தூக்குறான். சாயங்காலம் பந்து போடுறான். சோத்துல கை வைக்கையில கை நடுங்குது, பாத்திருக்கீகளா?" என்று தீபா தலை நிமிராமலே கேட்டாள். "மூணு வருசமா நல்ல வேல வாங்கித் தாரேன், வாங்கித் தாரேன்னு உங்க தலைவரு சொல்லிக்கிட்டேதேன் இருக்காரு. அங்கிட்டுக் கம்பெனியில நிரந்தர வேலையாம். 'போகவாக்கா, வேணாமாக்கா'ன்னு கேட்டான். எந்த அக்கா வேணாம்னு சொல்லுவா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பீகளா?"

விட்டிருக்க மாட்டான். அது அவனுக்கே தெரியும்.

"நீங்கதான கூடப்பொறந்தவனா நெனச்சுக்கன்னு சொன்னீக" என்றாள் தீபா. "நெனச்சேன்."

விக்னேஷ்குமாரின் கை நடுங்கியதைச் சுருளிவேலும்தான் பார்த்திருந்தான். மறுநாள் பந்து குறி தப்பிவிடுமோ என்றுதான் அப்போது கவலைப்பட்டான். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலோடு எரிச்சலாக வாய்ஸ் அனுப்பியதையும் சொல்லிவிட்டான். தீபா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப காதுகுத்து வேணாம்."

"அதுக்கில்ல புள்ள. வத்தலக்குண்டுல உங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல..."

"எம் புள்ள பொறந்தப்ப எட்டிப் பாக்காத மனுசன். அவரு மடியும் வேணாம், ஆட்டுக்கறியும் வேணாம்."

"சரி, நீயே உந் தம்பியக் கூப்பிட்டுச் சொல்லு."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? தாய்மாமன மாப்பிள்ள வீடுதேன் அழைக்கணும். வரவேணாம்னு சொன்னது நீங்க. வான்னு நீங்க சொல்லுங்க."

புதன்கிழமை சுருளிவேல் போன் போட்டான், மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் தானே வைத்துவிட்டான். வியாழக்கிழமை முழுதாக அடித்தது, எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் எடுக்கவில்லை. இந்த நாய்க்கு என்ன திமிர் என்று அவன் பல்லைக் கடித்தான். வீட்டில் தீபா மூன்று நாளும் அவனோடு சோறு, தண்ணி, துண்டு என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. பாண்டிக்கு எடுத்த பட்டுச்சட்டையை மடித்து அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனவன், மறுபடியும் மைக்கை அமுக்கினான்.

"விக்னேசு. நீ செஞ்சது தப்புதேன், அதுல மாத்தமில்ல. நிலக்கோட்டையில உனக்குப் பாஸ் போடக்கூட ஒருத்தனும் கெடையாது, பாத்துக்க. போன எடுக்காம இருக்கியே, அம்புட்டுப் பெரிய மனுசனாயிட்டியா? நாளைக்கு ஒம்பது மணிக்குக் கருப்பணசாமி கோயிலு. வந்திரு மாப்ள. உங்க அக்கா மொகத்த என்னால பாக்க முடியல." அனுப்பினான். ஒரு டிக்தான் விழுந்தது. போன் அணைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மரத்தடியில் சமுக்காளம் விரித்திருந்தது. ஸ்டார் வெறியர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். மணையில் உட்கார ஆள் வரவில்லை என்பதால் தாங்கள் வரலாம் என்று அய்யனார் விளக்கம் சொன்னான், சொல்லும்போது கறிச்சட்டிப் பக்கமே பார்த்தான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பாண்டி தீபாவின் இடுப்பில் இருந்தான். மணி பத்து. காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுதப்பா. யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க, குத்திட்டுப் போறேன்" என்றார்.

"உக்கார வேணாம்" என்றாள் தீபா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஏழு வருஷக் குடித்தனத்தில் அவள் கூட்டத்தின் நடுவே அழுது சுருளிவேல் பார்த்ததில்லை. ஒரு பந்தாட்டக்காரனைப் பிடித்து வைப்பதற்காக இவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்து, அவன் கையை விட்டுப் போனதும் அந்தத் தம்பியையும் பிடுங்கிக்கொண்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது. அவமானமாக இருந்தது. எங்கேயாவது போய் நிற்கலாம் என்று ரோட்டுப் பக்கம் நடந்தான்.

ரோட்டில் பூ ஏற்றுகிற வேன் ஒன்று வந்து நின்றது.

முதலில் விக்னேஷ்குமார் இறங்கினான். பட்டு வேட்டி கட்டியிருந்தான், அவன் உயரத்துக்கு அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பின்னாலேயே பச்சை பனியனில் பதினோரு பேர் இறங்கினார்கள். காலைப் பயிற்சி முடிந்து நேராக வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. தேங்காய், பழம், வெல்லம், பிள்ளைக்குத் துணி, அக்காவுக்குச் சேலை, ஒரு கூடை நிறையக் குண்டுமல்லி. பதினோரு நெட்டையன்களும் தட்டைக் கவிழ்த்துவிடாமல் பயந்து பயந்து வரிசையாக நடந்து வந்தார்கள்.

"ஏண்டா போன எடுக்கல?" என்றான் சுருளிவேல்.

"எடுத்தா திட்டுவீகன்னுதேன் மச்சான்."

"வாய்ஸ் கேட்டியா?"

"காலையிலதேன் கேட்டேன். அதுலயும் திட்டித்தேன் இருந்தீக. கடைசியில வான்னு சொன்னீக, வந்துட்டேன். சீரெல்லாம் முன்னாடியே வாங்கி வச்சிருந்தேன், ஆனாலும் லேட்டு. இவிங்களையெல்லாம் கெளப்ப வேணாமா?"

சீர் கொண்டு வருகிறவர்களுக்கு மாப்பிள்ளைதான் சந்தனம் கொடுத்து அழைத்து வரவேண்டும். யாரோ கிண்ணத்தைக் கொண்டுவந்து சுருளிவேல் கையில் திணித்தார்கள். "அண்ணே, வைக்காதீக" என்று அய்யனார் பின்னாலிருந்து முனகினான். சுருளிவேல் விக்னேஷ்குமாரைக் குனியச்சொல்லி நெற்றியில் சந்தனத்தை அழுத்தி வைத்தான், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே வைத்தான். பிறகு பதினோரு பச்சைக்காரர்களுக்கும் வைத்தான். அதற்குள் தீபா பிள்ளையோடு ஓடி வந்துவிட்டாள். வரிசைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, தன் பிறந்த வீட்டாரை அழைத்துக்கொண்டு அவள் மரத்தடிக்கு நடந்தாள்.

பத்தேகாலுக்குப் பாண்டி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தான். ஊசி இறங்கியபோது பிள்ளை போட்ட சத்தத்தில் விக்னேஷ்குமாருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த காதுக்குப் பிள்ளையின் தலையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அவனுக்குப் பக்கத்தில் பதினோரு பச்சை பனியன்களும், எதிரே ஸ்டார் வெறியர்களும் உட்கார்ந்தார்கள். கறிவாளியைத் தூக்கிக்கொண்டு போன சுருளிவேல் விக்னேஷ்குமாரிடம் குனிந்தான்.

"செமி ஃபைனல்ல நம்மகூட மோதுனா, முட்டி வலிக்குதுன்னு வெளிய உக்காந்துக்கடா."

"மாட்டேன் மச்சான்."

"அப்ப எலும்பத்தேன் போடுவேன்" என்று சொல்லி நல்ல கறியாகப் பார்த்து இரண்டு கரண்டி போட்டான். கோபம் போகவில்லை. இந்த வருஷம் கோப்பை இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. திரும்பினால் தீபா தலை நிறைய நிலக்கோட்டை மல்லிகையோடு நின்றிருந்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"மேட்ச்சு அன்னிக்கு நீ எங்கிட்டு உக்காருவ?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"இதென்ன கேள்வி? எம் பொறந்த வீட்டுப் பக்கந்தேன்" என்றாள் தீபா. "அந்தக் கடைசித் தம்பிக்குக் குழம்பு பத்தல பாருங்க."

சுருளிவேல் வாளியைத் தூக்கிக்கொண்டு பச்சை பனியன் வரிசையின் கடைசிக்கு நடந்தான்.