மேனேஜர் பார்க்காத ஓட்டம்

எருமைக்கும் என் மகளுக்கும் சேறு என்றால் உயிர் என்று தில்லையம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பெற்றவளே இப்படிப் பேசினால் ஊர் வாயை யார் மூடுவது?

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். கம்பெனி ஊழியர் மன்றத்துக்குச் செயலாளரும் அவர்தான். பொங்கலுக்குப் பொங்கல் மன்றம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விளையாட்டு விழா நடத்தும். அதில் பெண்களுக்குத் தடையோட்டம் உண்டு. மீன்வலைக்கு அடியில் தவழ்ந்து, சேற்றுக் குழியில் இறங்கி ஏறி, கடைசியில் ஆள் உயரப் பலகைச் சுவரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அவர் மகள் பொன்னிக்கு அதுதான் பைத்தியம்.

"அதுல என்னாடி அப்படி ஒரு சந்தோசம்? காசு குடுத்தாலும் நான் அந்தச் சேத்துல எறங்க மாட்டேன்" என்றாள் சிநேகிதி நஜியா.

"ஊட்ல நிக்கிற தடையெல்லாம் கண்ணுக்குத் தெரியுதாடி? நாலு பேரு என்னா சொல்லுவாங்கன்னு எங்கம்மா சொல்லுது. எதப் புடிச்சு ஏறித் தாண்டுறது? அங்க செவுரு செவுராவே நிக்குது. முட்டி தேஞ்சாலும் ஏறிக் குதிச்சிட்டா முடிஞ்சுபோச்சு. அப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும் பாரு, அந்தச் சொகம் வேற எதுலயும் இல்ல."

சுகத்துக்காக மட்டும் அவள் அந்த வருஷம் ஓடவில்லை. அண்ணாமலை நகரில் தங்கி உடற்கல்வி படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பாவுக்கோ அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த அருள்முருகனை மாப்பிள்ளையாக்குவதில்தான் கண். சண்டை முற்றிய ஒரு நாள், தெருவே கேட்க அவர் கத்தினார்: "இந்த வருசம் ஃபர்ஸ்ட்டு வா, நானே ஹாஸ்டல்ல கொண்டுபோயி வுடறேன். இல்லன்னா பேசாம கழுத்த நீட்டு!" போன வருஷம் மூன்றாவதாக வந்தவள்தானே என்ற தைரியம் அவருக்கு.

பொன்னி அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மார்கழி முழுக்க விடியலில் கடற்கரை மணலில் ஓடினாள். படகுகளின் மேல் ஏறிக் குதித்துக் குதித்து உள்ளங்கை காய்த்துப்போனது.

2010 பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கம்பெனி மேனேஜர். வருகிறேன் என்றவரைக் காணோம். மணல் சுடத் தொடங்கியதும், பிள்ளைகள் காய்கிறார்களே என்று நடுவர் விசிலை ஊதிவிட்டார். இன்ஜினியர் மகள் சுவேதா வலையில் சிக்கிக்கொண்டு, போதும்டா சாமி என்று பந்தல் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். பொன்னி சேற்றில் விழுந்து எழுந்து, சுவரில் தொற்றி ஏறி, நாடாவை அறுத்துக்கொண்டு போனபோது பின்னால் வந்தவள் இன்னும் குழியில் கிடந்தாள். பொன்னிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜெயித்துவிட்டாள். மைக்கைப் பிடித்தபடி பத்தடி தூரத்தில் நின்று அப்பா எல்லாவற்றையும் பார்த்தார்.

மேனேஜர் கார் அப்போதுதான் வந்தது. "முடிஞ்சிடுச்சா? பரவால்ல, ஜெயிச்ச பொண்ணக் கூப்புடுங்க, பரிசக் குடுத்துடலாம்" என்றார் மனுஷன்.

"அது எப்படி சார்? நீங்க பாக்காத ரேஸ் ஒரு ரேஸா? அது சும்மா ட்ரையல் சார்" என்றார் கொளஞ்சியப்பன். மைக்கிலும் அதையே அறிவித்தார்.

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நம் ஊரில் இது புதிதா என்ன? பெரிய மனிதர் தாமதமாக வந்தால் நட்ட கன்றைப் பிடுங்கி மறுபடி நடுவோம், வெட்டிய ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டுவோம். வெட்கம் என்ற ஒன்று இருந்தால்தானே?

நிழலில் இளைப்பாறிய சுவேதா தெம்பாக வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே பொன்னியும் கோட்டில் வந்து நின்றாள். ஓடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தோற்றதாகத்தானே கணக்கு? ஓடினாள். வலையைக் கடந்தாள், குழியையும் கடந்தாள். முதல் ஓட்டத்தில் எல்லோர் காலிலும் ஒட்டிவந்த சேறு சுவர் முழுக்க அப்பியிருந்தது. கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. மூன்றாம் முறை அவள் மேலே ஏறியபோது சுவேதா மறுபக்கம் குதித்து ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். மேனேஜரே கைகொடுத்து வாழ்த்தினார். குடத்தோடு நேராக அப்பாவிடம் போய் நின்றாள் பொன்னி.

"நான் மொதல்ல வந்தத நீ பாக்கலையாப்பா?"

அவர் மைக்கை அணைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "பாத்தேன். பாத்ததுனாலதான் திரும்ப ஓடச் சொன்னேன். அண்ணாகிராமத்துல போன வாரமே கை நனைச்சு சம்பந்தத்த முடிச்சாச்சு புள்ள. சாப்ட்டுட்டு வந்த ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்றது?"

பொன்னி வாய் திறப்பதற்குள் தில்லையம்மாள் வந்து குடத்தை வாங்கிச் சேற்றை முந்தானையால் துடைத்தாள், விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"நல்ல கனம்" என்றாள். "சீருக்கு ஒன்னு சேந்துடுச்சு. பொண்ணு மாப்ள ரெண்டு பேரு பேரையும் இதுல வெட்டிட வேண்டியதுதான்."